சிக்கிய ரம்பங்களும் நானும்

இரும்புக் கடையில் நிற்பவனுக்கு இரண்டு முகம் வேண்டும். ஒன்று பொருளை விற்கும்போது, மற்றது விற்ற பொருள் திரும்பி வரும்போது. என்னைப் போலக் கடைச் சேவகம் செய்த அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போன வாரம் சிரித்துக்கொண்டே வாங்கிப்போன ஆள், இந்த வாரம் அதே பொருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பும்போதே நமக்கு உடனே பின்கட்டில் முக்கியமான வேலை ஒன்று ஞாபகத்துக்கு வரும்.

நான் அரியலூர் கடைத்தெருவில் ஒரு ராவுத்தரின் இரும்புக் கடையில் பதினோரு வருஷம் நின்றவன். பெயர் நடேசன். உலகச் சண்டை முடிந்து, சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம் நடந்தவை இவை. அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. ஆணி, கீல், தாழ்ப்பாள், வாளி எதைக் கொடுத்தாலும் விற்பேன். அவற்றில் ஒன்றையாவது கையில் பிடித்து வேலை செய்யத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

பெட்டி வந்த நாள்

சண்டைக் காலத்தில் நல்ல ரம்பம் கண்ணிலேயே படாது. தேய்ந்துபோன பழைய ரம்பங்களையே ஆசாரிகள் அரம் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் சென்னையிலிருந்து ரயிலில் ஒரு மரப்பெட்டி வந்து, திறந்ததும் எண்ணெய்த் தாள் சுற்றிய மூன்று டஜன் சீமை ரம்பங்கள் பளபளத்தபோது, கடைத்தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. வழவழவென்று மரப்பிடி, அதில் பித்தளைத் திருகாணி. தகட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

ராவுத்தருக்கு அன்று கால் தரையில் படவில்லை. ரம்பம் வந்த பெட்டியின் மூடியையே எடுத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டு, சர் சர்ரென்று நாலு தேய்ப்பில் இரண்டு துண்டாக்கிக் காட்டினார். அது அப்பளம் போன்ற மெல்லிய பலகை. ஈர்க்குச்சியால் தேய்த்தாலும் அறுந்திருக்கும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தில் நின்ற ஒரு வண்டிக்காரர் அசந்துபோய்ச் சொன்னார்: "ராவுத்தரே, இதைக் கையில எடுத்தா மரம் தானா வந்து படுத்துக்கும் போலிருக்கே!"

மரத்தோடு வந்த ரம்பம்

நாலே நாளில் பாதிப் பெட்டி காலி. ஐந்தாம் நாள் காலையில் கோவிந்தசாமி ஆசாரி வந்தார். அரியலூரில் அவர் செய்யாத கதவு நிலை குறைவு. அவர் வாயில் வரும் சொல்லும் குறைவு. அன்று மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். வண்டியில் ஒரு வேப்பங்கட்டை. கட்டையின் நடுவே எங்கள் ரம்பம், பிடி மட்டும் வெளியே தெரிய, ஆணி அடித்ததுபோல நின்றது. முன்னாலும் போகவில்லையாம், பின்னாலும் வரவில்லையாம். நான் பிடித்து இழுத்தேன். பக்கத்துக் கடை ஆள் இழுத்தார். ராவுத்தரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறி இழுத்தார். கட்டையும் வண்டியும்தான் நகர்ந்தன.

ஆசாரி நாங்கள் களைக்கும் வரை பொறுத்திருந்துவிட்டு, அறுத்த வழியில் ஓர் ஆப்பை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். கட்டை வாயைத் திறந்தது. ரம்பம் வெளியே வந்தது. அதைக் கண்ணுக்கு நேரே வெயிலில் பிடித்துக் காட்டினார். பற்கள் எல்லாம் ஒரே வரிசையில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி நேராக நின்றன. "ஒண்ணு விட்டு ஒண்ணு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாச் சாஞ்சிருக்கணுங்க. அப்பத்தான் வழி தகட்டைவிட அகலமா விழும். இது தன் கனத்துக்குத்தான் வழி போடுது. பச்சை மரம் கொஞ்சம் இறுக்கினாப் போதும், மாட்டிக்கும்" என்றார்.

ராவுத்தர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஊர் ஊராகப் போயிருந்த பதினெட்டு ரம்பமும் அதே பெட்டிச் சரக்கு. பேசாமல் இருந்துவிடலாம், வருகிறவர்களுக்கு மட்டும் பதில் சொல்லலாம் என்று நான் மெல்லச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "குறையுள்ள சரக்குன்னு தெரிஞ்சப்புறம் வாய மூடிக்கிட்டு இருக்கிறது ஹராம், நடேசா. நீயே ஒவ்வொரு ஊருக்கும் போயி பல்லைச் சாச்சுக் குடுத்துட்டு வா. இந்தக் கடைப் பேரு இப்போ உன் கையில" என்றார். ஆசாரியின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, நுனியில் சின்ன வெட்டு உள்ள ஓர் இரும்புத் துண்டால் பல்லைப் பிடித்து வளைக்க மூன்று நாள் பழகினேன். கோவிந்தசாமி ஆசாரி, ரம்பத்தைக் கொண்டுவந்த அன்று, வண்டியில் ஏறும்போது கவலையாகத் திரும்பிச் சொன்னார்: "ரம்பம் உங்க கடையிலேயே இருக்கட்டுங்க. கட்டைய மட்டும் இறக்கிடாதீங்க, அது எங்க வூட்டுது."

மூன்று பல்

முதலில் போனது திருமானூர். கொள்ளிடக் கரையோரம் கரும்பு போட்டிருந்த பெரியவர் ஒருவர், மாட்டுக்கொட்டகை போட ரம்பம் வாங்கியிருந்தார். நான் பெரிய வைத்தியன் மாதிரி உட்கார்ந்து, இரும்புத் துண்டை மாட்டி வேலையைத் தொடங்கினேன். இருபது பல் வரை நன்றாகத்தான் போயிற்று. பார்க்கப் பத்துப் பேர் கூடியதும் எனக்கு வேகம் வந்துவிட்டது. 'டிக்' என்றது. ஒரு பல் தெறித்து எங்கோ போயிற்று. பதற்றத்தில் அடுத்த பல்லைக் கொஞ்சம் கூடுதலாக வளைத்தேன், அதுவும் டிக். மூன்றாவதும் போனபோது, இனி இந்த ஊருக்குள் நம் கடை ஆணி ஒன்றுகூட விற்காது என்று முடிவு கட்டிவிட்டேன். "வேறு ரம்பம் மாற்றித் தருகிறேன்" என்று சொல்ல வாய் எடுத்தேன்.

பெரியவர் ரம்பத்தை வாங்கி, மீதிப் பல் சாய்ந்திருந்த அழகைப் பார்த்தார். ஒரு பூவரசங் கட்டையில் வைத்து அறுத்தார். ரம்பம் வெண்ணெயில் போவதுபோல உள்ளே இறங்கி வெளியே வந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துப் பொக்கை வாய் முழுக்கச் சிரித்தார். "எனக்குந்தான் முன்னால மூணு பல்லு இல்ல. நான் கரும்பு திங்கலையா? விட்டுட்டுப் போங்க தம்பி!"

தள்ளுவதா, இழுப்பதா

ரஞ்சன்குடிக்குப் போக முதலில் பெரம்பலூர் பஸ் ஏற வேண்டும். அது பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் கரி பஸ். பின்னால் அடுப்பு எரிய, மேட்டைக் கண்டால் நின்றுவிடும். மற்றவர்களோடு இறங்கித் தள்ளி, ஏறி, மறுபடி இறங்கித் தள்ளி, வேர்வையும் கரியுமாகப் போய்ச் சேர்ந்தேன். அங்குள்ள கோட்டைக்குப் பக்கத்தில் ஏர் செய்யும் பழனியாண்டி என்பவர் எங்கள் ரம்பத்தால் கருவேலங்கட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பற்களைப் பொறுமையாகச் சாய்த்துக் கொடுத்தேன், ஒன்றுகூட ஒடியாமல். அப்படியும் ரம்பம் முக்கியது, வளைந்தது, சிக்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மரத்தடியில் குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழனியாண்டி தரையில் உட்கார்ந்து, கட்டையைக் காலால் மிதித்து, மூச்சைப் பிடித்து ரம்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். நம் ஊர் ரம்பத்துக்குப் பல் பிடியைப் பார்த்து இருக்கும், இழுத்தால் அறுக்கும். சீமை ரம்பத்துக்குப் பல் அந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, தள்ளினால்தான் அறுக்கும். அவரோ வருகிற வழியில் பலத்தைக் கொடுத்து, போகிற வழியில் சும்மா விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நின்றுகொண்டு, கட்டையை உயரத்தில் வைத்து, தள்ளிப் பார்த்தார். தூள் கொட்டியது. அவருக்கு ஒரே சந்தோஷம். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, சுற்றி நின்றவர்கள் காதில் விழச் சொன்னார்: "வெள்ளைக்காரன் ரம்பத்தைத் தள்ளினாத்தான் வேலை நடக்கும்கிறீங்க. வெள்ளைக்காரனும் அப்படித்தாங்க!"

பலா மரம்

உடையார்பாளையம் பக்கம் ஒரு கொல்லையில் காற்றுக்கு விழுந்த பலா மரத்தைத் துண்டு போட ரம்பம் வாங்கியிருந்தார்கள். வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். அவர் மனைவி அஞ்சலை, என் வயதுதான் இருக்கும், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு என்னை மரத்தடிக்கு அழைத்துப் போனார். பல்லைச் சாய்த்தேன். தள்ளி அறுக்க வேண்டும் என்று, புதிதாகக் கற்ற பெருமையோடு, விளக்கம் சொன்னேன். நானே அறுத்தும் காட்டினேன். ஒரு சாண் ஆழம் போனதும் ரம்பம் மெல்ல மெல்லக் கனத்து, ஒட்டிக்கொண்டு நின்றது. வெளியே எடுத்தால் தகடு முழுக்கப் பிசின். தூள் அதில் மாவுபோல அப்பிக் கிடந்தது.

இதற்கு ஆசாரி எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. துணியால் துடைத்தேன், துணி ஒட்டிக்கொண்டது. மண்ணைப் போட்டுத் தேய்த்தேன், மண்ணும் ஒட்டிக்கொண்டது. அஞ்சலை உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயோடு வந்து, தகட்டின் இரண்டு பக்கமும் விரலால் தடவி என்னிடம் நீட்டினார். அப்புறம் பத்துத் தேய்ப்புக்கு ஒரு தரம் எண்ணெய், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் மரம் ஐந்து துண்டாகக் கிடந்தது. உங்களுக்கு எப்படி இந்த யோசனை வந்தது என்று கேட்டேன். "இதுல யோசனை என்னங்க இருக்கு? பலாப்பழம் அறுக்கிற கத்தியில எண்ணெய் தடவுறோம். பழத்துக்கு உண்டானது மரத்துக்கு இல்லாமப் போயிடுமா?" என்றார்.

கல்யாண வீடு

வாலிகண்டபுரத்தில் நான் போய் இறங்கியபோது, ரம்பம் வாங்கிய வீட்டில் பந்தல் போட்டிருந்தது. மறுநாள் விடிந்தால் முகூர்த்தம். பெண்ணோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டிய கட்டில் நாலு காலும் சட்டமுமாகப் பந்தலில் கிடந்தது. தலைமாட்டுப் பலகையும் கால்மாட்டுப் பலகையும் இன்னும் ஆகவில்லை. இரண்டுக்குமாக ஒரே நீளப் பலகை வாகை மரத்தில் வாங்கி வைத்திருந்தார்கள். அதை நடுவில் இரண்டாக அறுக்க வேண்டும். மாணிக்க ஆசாரி காலையிலிருந்து அறுக்கிறார். பாதிக்கு மேல் ரம்பம் போகவில்லை. பெண்ணின் தகப்பனார் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "கட்டில் இல்லாமப் பொண்ணை அனுப்பினா சம்பந்தி வூட்ல என்ன பேசுவாங்க? உங்க ரம்பத்தை நம்பினது என் தப்பா?" என்றபோது அவர் குரல் உடைந்தது.

பல்லைப் பார்த்தேன், மாணிக்க ஆசாரி விவரமானவர், தாமே சரியாகச் சாய்த்திருந்தார். தள்ளித்தான் அறுத்தார். காய்ந்த மரம், பிசின் இல்லை. நான் தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கித் தடவினேன். பலகை மணத்ததே தவிர வேறு பலன் இல்லை. பலகை இரண்டு முக்காலிகளின் மேல், முனைக்கு ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது. அது ஆடக் கூடாது என்று பெண்ணின் தாய்மாமன்கள் இருவர், இருவரும் நல்ல ஆகிருதி, ஆசாரியின் இரண்டு பக்கமும் பலகைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஆசாரி தள்ளத் தள்ள ரம்பம் இறுகியது. மாமன்கள் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்கள். சீமைச் சரக்கே இப்படித்தான் என்று ஒரு மாமன் சொல்ல, அரியலூர்க் கடைகளே இப்படித்தான் என்று மற்ற மாமன் சொன்னார். எனக்குத் தலை குனிந்தது.

அப்போது மணப்பெண் தனபாக்கியம், கையில் மருதாணி காய்வதற்காக இரண்டு கையையும் விரித்துப் பிடித்தபடி, பந்தலுக்கு வந்தாள். என்ன தாமதம் என்று அவளுக்கும் கவலை இருக்காதா? கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தாள். குனிந்து அறுத்த வழியைப் பார்த்தாள். மாமன்களைப் பார்த்தாள். அவள் உதடு துடிப்பதைக் கண்டு அழப்போகிறாள் என்று நினைத்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாளாம். "ரெண்டு மாமாவும் உக்காந்து பலகைய நடுவுல தொங்க வுடுறீங்க. அறுத்த வழி மேல மூடிக்கிட்டு ரம்பத்தைக் கடிக்குது" என்றாள்.

மாமன்கள் இருவரும் சட்டென்று பலகையைவிட்டு இறங்கினார்கள். மாணிக்க ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார். முக்காலி இரண்டையும் ஒரே பக்கத்துக்கு நகர்த்தி, அறுக்கும் இடம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பலகையை வைத்தோம். நீட்டிய முனையை நான் கையில் தாங்கிக்கொண்டேன். ரம்பம் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கியது. பலகை என் கையில் விழுந்ததும் பந்தலில் கிளம்பிய சத்தத்தில் மேளக்காரர்கள் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று நினைத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெண்ணின் தகப்பனார் என்னைச் சாப்பிடாமல் விடவில்லை, கல்யாணத்துக்கும் நிறுத்திக்கொண்டார். மறுநாள் தாலி கட்டியதும் பெரிய மாமன் என் பக்கம் வந்து, காதோடு சொன்னார்: "அந்தக் கட்டில்ல நாங்க உக்காந்த விசயத்தை மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கிட்டச் சொல்லிடாதீங்க."

பெரம்பலூர் கண்டிராக்டர்

கடைசியாக இருந்தது பெரிய கண்டம். பெரம்பலூரில் ஒரு கண்டிராக்டர் ஆறு ரம்பம் வாங்கியிருந்தார். ஆறையும் அரியலூர் கடைத்தெருவில் கொண்டுவந்து கொட்டி, ராவுத்தர் கடையின் யோக்கியதையை ஊருக்குச் சொல்லப்போவதாக ஆள் அனுப்பிவிட்டார். கேட்டதும் ராவுத்தர், "நானும் வரேன்" என்று தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். கரி பஸ்ஸை அவரும் இறங்கித் தள்ளினார்.

கண்டிராக்டர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஆறு ரம்பமும் நேர்கோட்டில் போகாமல் வலது பக்கமே திரும்பித் திரும்பி மரத்தில் மாட்டிக்கொள்கின்றனவாம். ஒன்றை எடுத்து வெயிலில் பார்த்தேன். பல் சாய்க்கப்பட்டிருந்தது, ஆனால் அத்தனை பல்லும் ஒரே பக்கம்! நாங்கள் வரும்வரை பொறுக்காமல் அவருடைய மேஸ்திரியே வேலையை முடித்திருக்கிறார். மேஸ்திரி தூணுக்குப் பின்னால் நின்று என்னை இரண்டு கையாலும் கும்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ராவுத்தர் முந்திக்கொண்டார். "பல்லைச் சரி பண்ணாம வித்தது எங்க தப்புங்க. இப்பவே பண்ணிக் குடுத்துட்டுத்தான் போவோம்" என்றார். நானும் மேஸ்திரியும் எதிரெதிரே உட்கார்ந்து ஆறு ரம்பத்தையும் பொழுது சாய்வதற்குள் சரிசெய்தோம். மேஸ்திரி வலது பக்கம், நான் இடது பக்கம் என்று பிரித்துக்கொண்டோம்.

கண்டிராக்டர் ஒரு முதிர்ந்த வேப்பம் உத்திரத்தை எடுத்து வைத்துத் தாமே அறுத்துப் பார்த்தார். கோடு பிசகாமல் இறங்கியது. ரம்பத்தைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், ராவுத்தரைப் பார்த்தார். அவர் ஒன்றும் தெரியாத ஆள் இல்லை. நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டு ராவுத்தரை உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்: "பாய், பெட்டியில மீதி இருக்கிற ரம்பத்தை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. என் மேஸ்திரி கிட்ட மட்டும் பல்லைக் காட்டாம, சாச்சே அனுப்புங்க!"

என் வீட்டுப் பலகை

இப்படி உடையார்பாளையம், பெரம்பலூர் இரண்டு தாலுக்காவிலும் ரம்ப வைத்தியன் என்று பேர் எடுத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி செல்லம்மாள், ஊறுகாய் ஜாடி வைக்க அடுப்படியில் ஒரு பலகை அடித்துத் தரச் சொன்னாள். கடையிலிருந்து ஒரு ரம்பத்தை இரவல் வாங்கி வந்தேன். பல்லை நானே சாய்த்தது. எண்ணெய் தடவினேன். பலகையை முனை வெளியே நீட்டும்படி வைத்தேன். தள்ளி அறுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிமேல் எட்டிப் பார்த்தார்கள். கால்வாசி தூரம் போனதும் அறுப்பு கொஞ்சம் கோணியது போலிருந்தது. கையைத் திருகி நேராக்கினேன். மறுபக்கம் கோணியது, மறுபடி திருகினேன். ரம்பம் நின்றுவிட்டது. அசையவில்லை. கோவிந்தசாமி ஆசாரியின் கட்டையில் நின்றதே, அதேபோல.

பல்லைப் பார்த்தேன், பிசினைப் பார்த்தேன், முக்காலியைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த நோய் ஒன்றும் இல்லை. செல்லம்மாள் அடுப்படியிலிருந்து வந்து, பாம்பு போனதுபோல வளைந்து கிடந்த அறுப்பைப் பார்த்தாள். உள்ளே போய்க் கோலப்பொடியைக் கிள்ளி வந்து, பலகையின் குறுக்கே ஒரே இழுப்பில் நேராக ஒரு கோடு போட்டாள். பிறகு வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி சொன்னாள்: "புள்ளி வைக்காம நானே கோலம் போட மாட்டேன். நீங்க கோடு போடாம மரம் அறுக்க வந்துட்டீங்களே!"

பதினோரு வருஷ அனுபவத்தில் நான் தெரிந்துகொண்டது இதுதான்: ரம்பம் சிக்கினால் முதலில் பல்லைப் பார்க்க வேண்டும், அப்புறம் மரத்தை, அதற்கப்புறம் பிடித்திருக்கும் கையை, அந்தக் கை நம்முடையது என்று தெரிந்துவிட்டால் மட்டும், சரக்கே மட்டம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும்.